புது டயர் போட்ட பழைய கார்கள்

அருங்காட்சியகங்களில் நிற்கும் பழைய கார்களில் டயர் மட்டும் பெரும்பாலும் பழையதாக இருப்பதில்லை. பழைய வண்டிகளைப் புதுப்பிக்கிறவர்களுக்கு இது சர்வசாதாரணமான விஷயம். இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கலாம். மரத்துக்கு மெருகு போடலாம். தோல் இருக்கைக்கு எண்ணெய் தடவலாம். ரப்பரை ஓரளவுக்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது. காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் ஓசோனும் அதை மெல்லத் தின்றுகொண்டே இருக்கும். ஓடாமல் நின்றாலும் இறுகும், வெடிப்பு விடும், பொடியும். அதனால் நூறு வயதுக் காருக்கு அந்தக் காலத்து வடிவில் இன்று வார்த்த டயரை மாட்டி நிறுத்துகிறார்கள். அப்படி டயர் செய்து விற்பதற்கென்றே கம்பெனிகள் உண்டு. டயர் மாறிவிட்டதால் கார் அசல் இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

இதை எனக்குச் சொன்னவன் ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்யும் என் நண்பன். பட்டர்வொர்த்காரன், இயந்திரப் பொறியாளன், கார் என்றால் சோறு வேண்டாம். போன வருடம் அவனோடு அங்கே மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். "இவ்ளோ பழைய வண்டிக்கு டயர் மட்டும் எப்படிடா புதுசா இருக்கு?" என்று சும்மா கேட்டேன். பதிலைச் சொல்லிவிட்டு அவன் அடுத்த காருக்குப் போய்விட்டான். எனக்கு அதற்கப்புறம் கார்கள் சரியாகக் கண்ணில் படவில்லை. என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர்.

அந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2006இல் திறந்தது. நுழைந்ததும் லிஃப்டில் உச்சி மாடிக்கு ஏற்றிவிடுகிறார்கள். அங்கிருந்து இரண்டு சுருள் பாதைகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கீழே இறங்குகின்றன. ஒன்றில் காலவரிசைப்படி கம்பெனியின் வரலாறு. இன்னொன்றில் பஸ், லாரி, ஆம்புலன்ஸ், பிரமுகர்களின் கார் என்று வகைவகையாக. இதிலிருந்து அதற்கு நடுவில் தாவிக்கொள்ளலாம். மொத்தம் 160 வண்டிகள். உச்சியில் லிஃப்டை விட்டு வெளியே வந்தால் முதலில் நிற்பது கார் இல்லை, ஒரு வெள்ளைக் குதிரை. மோட்டார் வண்டி வந்துபோகும் மோகம், நான் குதிரையைத்தான் நம்புகிறேன் என்று ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் சொன்னதாக ஒரு கதை உண்டு. அதற்கான நக்கல். எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறார்கள். மாமன்னரையே கேலி செய்து ஆரம்பிக்கும் அருங்காட்சியகம் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்து 1886. கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டி. அந்த வருடம் ஜனவரி 29இல் பதிவான காப்புரிமையின் எண் 37435. கம்பிக் கம்பியாய் ஆரம் வைத்த சைக்கிள் போன்ற சக்கரங்கள், அவற்றின் மேல் காற்றடைக்காத கெட்டி ரப்பர். பக்கத்திலேயே பெர்த்தா பென்ஸின் கதை. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு போனவர். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினார். நெடுங்காலம் அந்த அம்மாளின் பெயர் கார்லின் நிழலில் கிடந்தது. இன்று அவர் ஓட்டிய வழியே சுற்றுலாப் பாதை. ஒரு பெயரைத் தோண்டி எடுத்து உரிய இடத்தில் வைக்கமுடியும் என்பதற்கு அது சான்று.

பெயர் என்றதும் இன்னொன்று. மெர்சிடிஸ் என்பது எமில் ஜெலினெக் என்ற வியாபாரியின் மகளுடைய பெயர். கம்பெனியிடம் கார் வாங்கி விற்றவர் அவர். பிள்ளைக்குப் பத்துப் பதினொரு வயதிருக்கும்போது 1901இல் வந்த காருக்கு அவள் பெயரை வைக்கச் செய்தார். அந்தப் பெண் காருக்காக ஒரு திருகாணியும் முடுக்கியதில்லை. நல்ல பெயர்தான், குறை சொல்லவில்லை.

1888 என்ற வருடத்தில் எனக்கு ஒரு பிடிப்பு உண்டு. பெர்த்தா வண்டியோட்டிய அதே வருடம்தான் பெல்ஃபாஸ்ட்டில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை எடுத்தார். அதே வருடம்தான் ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு இயக்குநராக வந்து இறங்கினார். மூன்று பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ரிட்லிக்குப் பதினோரு வருடம் முன்பே, 1877இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்திருந்தன. பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகளில் முளைத்தவை. மரத்தைக் கொல்லாமல், பழைய வெட்டின் விளிம்பிலேயே மெல்லிசாகச் சீவிச் சீவிப் பால் எடுக்கும் முறையை ரிட்லி வகுத்தார். சட்டைப்பை நிறைய விதையோடு தோட்ட முதலாளிகளைத் துரத்தித் துரத்திப் பேசியதால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயர். என் பாட்டியின் மணிக்கட்டு அசைந்த விதம் அந்த மனிதரின் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. பட்டையில் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஆழம் போனால் மரம் காயப்படும், மண்டோர் திட்டுவான். ஆழம் குறைந்தால் பால் வராது, எடை குறையும்.

சரி, 1886 வண்டிக்கு வருவோம். அதன் சக்கர ரப்பர் எங்கள் ஆட்கள் எடுத்தது இல்லை. அன்றைக்கு மலாயாவில் ரப்பர்த் தோட்டமே கிடையாது. மலாக்காவில் டான் சே யான் முதல் தோட்டம் போட்டது 1896இல். அதற்கு முன் உலகத்துக்கு வந்ததெல்லாம் காட்டு ரப்பர், பெரும்பாலும் அமேசான் பக்கமிருந்து. கார் பெருகப் பெருக அந்த ரப்பருக்காக நடந்தது என்ன என்பது பதிவாகியிருக்கிறது. காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில் கணக்குக்குக் குறைந்தால் கை வெட்டினார்கள். புட்டுமாயோவில் பழங்குடிகளைச் சாட்டையால் அடித்துக் காட்டுக்குள் விரட்டினார்கள். இரண்டையும் நேரில் போய் விசாரித்து அறிக்கை எழுதியவர் ரோஜர் கேஸ்மென்ட். அறிக்கைகள் உலகை உலுக்கின, உண்மைதான். ஆனால் காட்டு ரப்பர் வியாபாரத்தைக் கடைசியில் படுக்கவைத்தது அறிக்கைகள் மட்டும் இல்லை. 1910க்குப் பிறகு சந்தையில் வந்து கொட்டிய மலாயாத் தோட்ட ரப்பர் அதைவிட மலிவு. ஏன் மலிவு? கங்காணி ஊருக்குப் போய் ஆள்கட்டிக் கொண்டுவந்தான். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அமைத்துக் கப்பல் செலவைப் பொதுவாக்கினார்கள். லயமும் அரிசியும் கொடுத்துச் சம்பளத்தைக் கீழேயே வைத்திருந்தார்கள். எங்கள் ஆட்களின் மலிவான உழைப்பு வேறொரு மக்களின் மேல் விழுந்த சாட்டைக்கு வேலையில்லாமல் செய்ததில் ஒரு பங்கு வகித்தது என்று சொன்னால் தப்பில்லை. இதைக் கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது? எனக்குத் தெரிந்தவரை தோட்டத்து வரலாறு பேசும் கூட்டங்களில் இது வருவதில்லை. கண்ணீரில் முதலிடம் நமக்கே வேண்டும் என்ற ஆசை நம்மிடம் கொஞ்சம் இருக்கிறது.

நண்பனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே இறங்கினேன். அவன் ஒரு கட்டத்தில் நின்றான்.

"நீ சொல்றது புரியுது. ஆனா இரும்பு எங்கேர்ந்து வந்தது? நிலக்கரி? கண்ணாடி? எல்லாரு பேரையும் போட ஆரம்பிச்சா இது மியூசியமா இருக்காது, டெலிபோன் டைரக்டரி ஆயிடும்."

நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதில் அந்தச் சுருள் பாதையிலேயே இருந்தது. 1914 முதல் 1945 வரையான பகுதிக்கு வரும்போது கம்பெனி தன் நாஜிக் காலத்தைப் பற்றிப் பேசுகிறது. ஆயுத உற்பத்தி, கட்டாய உழைப்பு. 1944 முடிவில் டைம்லர் பென்ஸில் வேலை செய்த 63,610 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. வெள்ளி அம்புகள் என்று பெயர்பெற்ற பந்தயக் கார்கள் பளபளக்கும் கட்டடத்தில் இதையும் சொல்லியாகவேண்டும் என்ற நிலை தானாக வந்துவிடவில்லை. ஆராய்ச்சியாளர்கள் தோண்டினார்கள், தப்பிப் பிழைத்தவர்கள் கேட்டார்கள், பல கம்பெனிகள் நெடுங்காலம் இழுத்தடித்தன. 2000இல் ஜெர்மன் அரசும் கம்பெனிகளும் சேர்ந்து 1000 கோடி மார்க்கில் ஓர் இழப்பீட்டு நிதி அமைத்தன. மிகத் தாமதம், அதற்குள் பாதிப் பேர் செத்துப்போயிருப்பார்கள். இருந்தாலும் நடந்தது.

அங்கே நின்றபோதுதான் ஒன்று பிடிபட்டது. அந்தத் தொழிலாளிகளின் பெயர் அந்தத் தொழிற்சாலையின் பதிவேட்டில் இருந்தது. பொறுப்பைக் கேட்க ஓர் ஏடு இருந்தது, கதவைத் தட்ட ஒரு வாசல் இருந்தது. என் பாட்டியின் பெயரும் ஓர் ஏட்டில் இருந்தது. தோட்டத்துச் செக்ரோல். விடியாத நேரத்தில் பிரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிட்டு அதில் புள்ளி வைப்பார். வெயில் ஏறுவதற்குள் பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே நிரைக்குப் போய்விட வேண்டும். மழை பெய்தால் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை. மரத்துக்கு மரம் மங்கு வைத்து, பிறகு ஒவ்வொன்றாக வாளியில் ஊற்றிச் சேர்த்து, காண்டா தூக்கிக்கொண்டு பால் ஸ்டோருக்கு வருவார்கள். அங்கே தராசு. தராசு வரைக்கும் அது பாட்டியின் பால். எடை எழுதியதும் அது இத்தனை பவுண்டு. அப்புறம் அமிலம் ஊற்றி உறையவைத்து, உருளையில் கொடுத்துச் சீட்டாக்கி, புகை போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துத் தரம் பிரிப்பார்கள். முதல் தரம், இரண்டாம் தரம். தோட்டத்திலிருந்து ஏஜென்சி, ஏஜென்சியிலிருந்து கப்பல், லண்டன் தரகர், டயர்த் தொழிற்சாலை, கடைசியில் கார்த் தொழிற்சாலை. ஒவ்வொரு கை மாறும்போதும் காகிதம் எழுதினார்கள். ஒரு காகிதத்திலும் எடையையும் தரத்தையும் தவிர வேறில்லை.

ஆக, பெயர் எங்கே தொலைந்தது என்று ஆகாயத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியதில்லை. பால் ஸ்டோரில், தராசில் தொலைந்தது. அதற்குமேல் யாரிடம் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: நான் ரப்பர்தான் வாங்கினேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் உண்மை பேசி, யாரும் பொறுப்பாளி இல்லாமல் போகும் ஏற்பாடு அது. தவறு செய்தவனைத் தேடுவதிலேயே பழகிய நமக்கு இப்படிப்பட்ட ஏற்பாட்டின் முன்னே நின்றால் என்ன கேட்பதென்றே தெரிவதில்லை. கிராணியைத் திட்டுவோம், துரையைத் திட்டுவோம். அவர்கள் திட்டு வாங்கத் தகுந்தவர்களாகவே இருந்திருக்கலாம். தராசை யார் திட்டுவது?

ரப்பர் பற்றி அந்த அருங்காட்சியகத்தில் என் கண்ணில் எதுவும் படவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது, எங்காவது இருக்கவும் கூடும். எப்படியோ, அந்தக் கம்பெனியின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பிரமுகர்களின் கார்கள் இருக்கும் கூடத்தில் மட்டும் கால் நின்றது. இளவரசி டயானாவின் சிவப்புக் கார், போப்பாண்டவர் கார் இவற்றோடு ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ வைத்திருந்த 770 ரகக் காரும் இருக்கிறது. 1930களின் வண்டி, கதவில் சாமந்திப்பூச் சின்னம். அந்தப் பேரரசரின் பெயரால் நடந்த போரில்தான் சயாம் ரயில் பாதைக்குத் தோட்டத்து ஆட்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. பாட்டியின் அப்பாவும் அதில் ஒருவர். போருக்கு முன் உலகத்திலேயே அதிக ரப்பர் எடுத்த நாடு மலாயா. அவர் வெட்டிய பால் அந்தக் காரின் முதல் டயர்களில் இருந்ததா என்று கேட்டால் யாராலும் ஆமாம் என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. இருந்திருந்தாலும் அந்த டயர் எப்போதோ தேய்ந்து ஏதோ ஒரு சாலையில் தூசியாகியிருக்கும். அந்தக் கார் முன்னால் ஒரு சீனக் குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டிலும் அந்தப் போர் ஒரு கதையாக இருந்திருக்கும். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

மலாயா ரப்பரை நம்பியிருக்கக் கூடாது என்று ஜெர்மனி போருக்கு முன்பே செயற்கை ரப்பரில் இறங்கியது. பூனா என்று பெயர். அதற்காக ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனி ஆஷ்விட்ஸ் பக்கத்தில் ஒரு பெரிய ஆலையைக் கட்ட ஆரம்பித்தது. கட்டியவர்கள் மோனோவிட்ஸ் முகாம் கைதிகள், பிரிமோ லெவி அவர்களில் ஒருவர். ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே செத்தார்கள். அந்த ஆலையிலிருந்து கடைசிவரை செயற்கை ரப்பர் வரவே இல்லை. மரத்தை விட்டு வேதியியலுக்குப் போனாலும் ரப்பர் மனிதரை விடவில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒரு காரை ரசிக்கலாமா? நம் வயதுக்காரர்கள் பலர், அழகான எதைப் பார்த்தாலும் அதன் அடியில் ரத்தம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 1955இல் செய்த 300 எஸ்.எல்.ஆர். ஊலென்ஹவுட் கூபே மொத்தமே இரண்டுதான். ஒன்றை 2022இல் 13.5 கோடி யூரோவுக்கு விற்றார்கள். அதன் படத்தைப் பார்த்தாலே தெரியும், அது அழகு. கதவு இறக்கையாய் மேலே திறப்பதும், பின்பக்கம் ஒழுகி இறங்குவதும், தகடு அடித்த கைகளின் வேலையும். அந்த அழகை மறுத்தால் அந்தக் கைகளையும் மறுத்ததாகிவிடும்.

அதோடு, என் அப்பாவைத் தோட்டத்திலிருந்து வெளியே கொண்டுவந்ததே ஒரு கார்தான். எண்பதுகளின் கடைசியில் தவணையில் வாங்கிய பழைய புரோட்டான் சாகா. அதை வைத்துத்தான் பினாங்குக்கு வேலைக்குப் போய்வந்தார், பிறகு எங்களையும் பட்டணத்துக்குக் கூட்டிவந்தார். முதல்முறை அதில் ஏறிய பாட்டி செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உட்கார்ந்தார் என்று அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார். லயத்து வாசலில் பாட்டி தேய்ந்த டயரை வெட்டிக் கவிழ்த்து வெள்ளைப் பெயிண்ட் அடித்துக் கனகாம்பரம் வைத்திருந்தார். அந்த டயரைப் பற்றி அவர் எந்தத் தத்துவமும் பேசியதில்லை. செடி நன்றாக வந்தது.

"சரிடா, உன் காருக்கு என்ன டயர் போட்டிருக்க?" என்றான் நண்பன், வெளியே காபி குடிக்கும்போது.

மைவி ஓட்டுகிறேன். பிராண்டைச் சொன்னேன். "அதுல யாரோட பால்?" என்றான். கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. இன்றைக்கு அதிக ரப்பர் எடுக்கும் நாடு தாய்லாந்து. மலேசியாவே வெளியிலிருந்து ரப்பர் வாங்குகிறது. தென் தாய்லாந்தில் மரம் வெட்டுகிறவர்களில் மியன்மாரிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். பாட்டியைப் போலவே இருட்டில் எழுந்து, தலையில் விளக்கு கட்டிக்கொண்டு, அடுத்தவர் மரத்தில் கோடு போடுகிறவர்கள். வெட்டினவர் பேத்தி பேரன் என்ற உரிமையோடு ஸ்டுட்கார்ட் சுவரில் ஒரு பெயரைத் தேடும் நான், என் வீட்டு வாசலில் நிற்கும் நாலு டயருக்கு அந்த லண்டன் தரகரின் இடத்தில் நிற்கிறேன். பாட்டி வழியாக எனக்கு வந்தது கேட்கும் உரிமை என்றால், அந்த மியன்மார்ப் பெண்ணின் பேரப்பிள்ளைக்கும் அது போய்ச்சேரும். அவன் கேட்கும்போது நானும் டயர்தான் வாங்கினேன் என்பேனா?

சங்கிலி நீளம், எல்லாரையும் எழுத முடியாது என்ற வாதத்துக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு தேடிப் பார்த்ததில் ஒன்று கிடைத்தது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புக்கு எதிராக ஒரு சட்டம் நிறைவேற்றியது. நம் ஊர்ச் செய்திகளில் அது செம்பனை எண்ணெய்ச் சண்டையாகத்தான் வந்தது. ரப்பரும் அதில் உண்டு, டயரும் உண்டு. டயரில் இருக்கும் ரப்பர் எந்த நிலத்தில் எடுத்தது என்பதை வரைபடக் குறியெண்ணோடு காட்டவேண்டும், அந்த நாட்டுச் சட்டப்படி எடுத்ததா என்றும் காட்டவேண்டும். நடைமுறைக்கு வருவதைத் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், சிறு தோட்டக்காரர்களுக்கு அது எவ்வளவு தலைவலி என்ற சண்டையும் நடக்கிறது. ஆனால் நூற்றிருபது வருடமாக முடியாது என்று சொல்லிவந்ததை, காட்டுக்காக என்றதும் முடியும் என்று எழுதிவிட்டார்கள். தராசைத் தாண்டி எடையோடு இன்னொன்றும் பயணம் போகலாம் என்று ஆகிவிட்டது. இப்போதைக்கு மரம் நின்ற இடம். மரத்தின் முன்னே நின்றவரின் பெயர் இல்லை.

இதை நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அவன் தன் காரின் டயர் பக்கவாட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அளவு, தாங்கும் எடை, வேகம், கடைசியில் நாலு இலக்கம், எந்த வாரம் எந்த வருடம் செய்தது என்று. "இன்னும் இடம் இருக்கு," என்று கீழே எழுதியிருந்தான்.